ஏழே இரவுகளில் பொன்முகம்

அச்சில் வந்ததையெல்லாம் நம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு: படிக்காதவர்கள், படித்துத் தேறியவர்கள். முதல் வகையைத் திருத்திவிடலாம். நான் இரண்டாம் வகை.

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வரி நோட்டீஸ், கோர்ட்டு உத்தரவு எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். தமிழில் எழுதினால் விளம்பரம், பிரெஞ்சில் எழுதினால் சட்டம் என்பது என் துணிபு. (பிரெஞ்சுப் பள்ளியில் தேறியவன் அல்லவா!) ஆகவே, மரைக்காயர் கடையில் சைகோனிலிருந்து வந்திருந்த முகப்பூச்சு டப்பாவின் மூடியில் ‘ஏழே இரவுகளில் பொன்முகம்’ என்று பிரெஞ்சில் கண்டதும், கவர்னரே கையெழுத்துப் போட்டதாக எடுத்துக்கொண்டேன்.

“நல்ல சரக்குதானா மரைக்காயரே?”

“எனக்கு வெலைதான் தம்பி தெரியும். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்.”

மூன்றாம் நாள் வரிச்சிக்குடிக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். ஏழு இரவுக்கு எங்கே போவது? பகலிலேயே ஜன்னல்களைச் சாத்தி, இரண்டு நாளில் ஏழு இரவுகளை உற்பத்தி செய்தேன். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பூச்சு.

முகம் எரிந்தது. ‘லேசான சூடு, பூச்சு வேலை செய்வதன் அடையாளம்’ என்றது மூடி. என் முகத்தில் அது ஓவர்டைம் பார்ப்பதாக நினைத்துப் பெருமைப்பட்டேன்.

“ஐயோ, வெந்த நண்டு மாதிரில்ல இருக்கே!” என்றாள் அம்மா.

“யாராச்சும் கேட்டா வேனல்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காதே” என்றார் அப்பா. உச்சி வெயிலில் மாட்டுவண்டியில் போனோம். வண்டியிலும் ஒரு பூச்சு பூசிக்கொண்டு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் தையல்நாயகி. காப்பியை நீட்டியவள், தோல் உரிந்துகொண்டிருந்த என் மூக்கைப் பார்த்தாள்.

“மொகத்துல என்னங்க?”

அப்பா “வேனல்” என்று தொடங்குமுன் நான் டப்பாவை எடுத்துவிட்டேன். (பிரெஞ்சு படிக்க இப்படி ஒரு சபை எப்போது கிடைக்கும்?) மூடியை மொழிபெயர்த்தேன். தங்கப் பதக்கம் பெற்றது என்றேன்.

“எதுக்காகக் குடுத்தாங்கன்னு போட்டிருக்கா?” என்றாள் அவள்.

போடவில்லை.

“அடியில ஏதோ பொடிப்பொடியா எழுதியிருக்கே, அது என்னங்க?”

அதை நான் அதுவரை பார்த்ததேயில்லை. பார்த்தேன். காது வரை எரிந்தது. அந்த வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. ‘சந்தனம் கலந்தது’ என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் பிரெஞ்சில் எழுதியதை மாற்றிப் படிப்பது எனக்குக் குற்றமாகப் பட்டது. படித்தேன்:

“இரவில் ஒரு முறை மட்டும் பூசவும். பூசியபின் வெயிலில் செல்லலாகாது. பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.”

“பெரும்பாலானவங்கன்னா, மிச்சப் பேரு?”

ஒரு பிரெஞ்சு வாத்தியாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் வாயைத் திறக்குமுன், என் மூக்கிலிருந்து ஒரு துண்டுத் தோல் காப்பி டம்ளரில் விழுந்து பதில் சொன்னது.

உள்ளே சிரிப்புச் சத்தம். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். பெண்ணின் தகப்பனார் மகளிடம், “என்னம்மா சொல்றே?” என்றார், ஒப்புக்கு.

“சரின்னு சொல்லிடுங்கப்பா.”

“இந்த மூஞ்சியையா?”

“மூஞ்சி ஆறிடும்ப்பா. நமக்குத் தெரியாத பாஷையிலயும் மாத்திப் படிக்காம, தன் மானம் போறதையே படிச்சுக் காட்டுறாரே. அது எத்தனை பேருக்கு வரும்?”

எட்டாவது வரை படித்தவள். என் படிப்பு முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் முன் கைகட்டி நின்றது, இன்னும் உட்காரவில்லை.

இப்போது என் பெண்கள் ‘நிபுணர்கள் பாராட்டியது’ என்று ஏதாவது டப்பா வாங்கி வந்தால், தையல்நாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பிறகு பெண்களைப் பார்த்துக் கேட்பாள்:

“மிச்சப் பேரு எங்கடி? கூப்புடு, அவர் மொகத்துல பூசிப் பாத்துடுவோம்.”

நான் போய்ச் சமர்த்தாகக் கன்னத்தைக் காட்டுகிறேன்.