இன்னும் பீப்பாய் முடிவாகவில்லை

ஆஸ்திரேலியாவில் எங்கள் அடிலெய்டுப் பக்கத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. காரை வெயிலில் காயவிட்டு, கார் நிற்க வேண்டிய கொட்டகையில் பளபளவென்று எஃகுச் சாமான்களை நிறுத்தி வைத்திருப்பார். வீட்டிலேயே பீர் காய்ச்சப் போகிறவர். கவனியுங்கள், காய்ச்சுகிறவர் இல்லை. போகிறவர்.

அவரிடம் போய், "என்ன, பீர் ரெடியா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார். அப்புறம் ஆரம்பிப்பார். பிளாஸ்டிக் தொட்டியில் கீறல் விழும், கீறலில் கிருமி குடியேறும்; கண்ணாடித் தொட்டி கைதவறினால் போச்சு; எஃகுத் தொட்டி உத்தமம்தான், ஆனால் உள்ளே ஈஸ்ட் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாதே! ஆகவே மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி அடுக்கிவிட்டு, நாலாவதாக ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருப்பார். கட்டிய மனைவி சொல்வதை நம்பமாட்டார். ஸ்காட்லாந்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியதை நம்புவார்.

எங்கள் பக்கத்து வீட்டு கிரேம் டிரெலோர் இந்த வகையில் முதல் தரம். தொழில் பல் மருத்துவம். பல்லைப் பிடுங்குவதென்றால் அரை நிமிடம்கூட யோசிக்கமாட்டார். உங்கள் பல்தானே! பீப்பாயின் மூடிக்கு எந்த ரப்பர் வளையம் என்பதற்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தார்.

இதில் ஒரு மனவருத்தமும் கலந்திருந்தது. அவர் மாமனார் வில்ஃப்ரட் இளவயதில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து இங்கே கார் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து இந்த ஊர் பீரைத் திட்டிக்கொண்டிருப்பவர். "பனிக்கட்டியில நுரையை ஊத்திக் குடுக்கறானுங்க, இதுக்குப் பேரு பீராம்!" அதற்கு அடுத்தபடியாக அவர் திட்டுவது கிரேமை. மாப்பிள்ளை என்று வாய்தவறிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வறுவலுக்கு வந்து உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவார்.

"என்ன பல்லு டாக்டரே, உங்க பீரு எந்த வருஷம் வருது? நான் குடிப்பேனா, இல்ல என் கல்லறை மேல ஊத்தறதா உத்தேசமா?"

கிரேம் சிரித்து வைப்பார். சிரித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் இன்னொரு குழாயைப் பற்றிப் படிப்பார்.

வில்ஃப்ரடுக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. கிரேமின் மனைவி லினெட் தெருவையே கூப்பிட்டாள். கூப்பிட்டது போதாதென்று, "அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் காய்ச்சின பீர்தான். கடையில ஒரு பாட்டில்கூட வாங்கப் போறதில்ல" என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்தாள். கிரேமுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"லினெட், இன்னும் பீப்பாயே முடிவாகலியே!"

"பீப்பாய் முடிவாகலைன்னா எங்கப்பாவுக்கு வயசாகாம நின்னுடுமா?"

அன்று மாலை கிரேம் எங்கள் வேலி ஓரம் வந்து நின்றார். வழக்கமான விளக்கவுரை எதுவும் இல்லை. "அந்த மனுஷன் வாயால ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு'ன்னு கேட்டுட்டாப் போதும்பா எனக்கு" என்றார். எனக்கே பாவமாகிவிட்டது.

காய்ச்சினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு பிற்பகலோடு வேலை முடிந்துவிட்டது. மால்ட் என்கிற, முளைகட்டி வறுத்த பார்லியின் மணம் என் சமையலறைவரை வந்தது. "இவ்வளவுதானா?" என்று அவரே கேட்டார், ஏமாந்தவர்போல. தொட்டியில் பீர் நொதித்துக்கொண்டிருந்த நாட்களில் பீப்பாய் முடிவானது. குழாய் முடிவானது. பீரைப் பீப்பாயிலிருந்து தள்ளி, நுரையும் கொடுக்கிற வாயுவுக்கு அலுமினிய சிலிண்டரா, எஃகு சிலிண்டரா என்ற பெரும் போர் நடந்து அலுமினியம் வென்றது. குளிர்பெட்டி மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. ஆகவே பிறந்தநாளன்று பீப்பாயைத் துணி துவைக்கும் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துண்டு போர்த்தியிருந்தார்.

அடுப்பில் சாசேஜ் பொரிந்தது. மேசையில் பீட்ரூட் சாலடும் பாவ்லோவா கேக்கும். கண்ணாடிக் குவளைகளோடு வரிசை நின்றது. முன்னால் வில்ஃப்ரட். கிரேம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குழாயைத் திறந்தார்.

ஒரு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

மூடித் திறந்தார். தட்டினார். ஊதினார். நான் போய் அந்த அலுமினிய சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பூனைக்குட்டி கனம்கூட இல்லை.

"கிரேம், இதுல வாயு எங்க ரொப்புன?"

"ரொப்பறதா?"

சிலிண்டரைக் கடையில் காலியாகத்தான் விற்பார்கள். நாம்தான் எடுத்துப்போய் நிரப்ப வேண்டும். அதன் எடை, உலோகம், கைப்பிடியின் நிறம் வரைக்கும் ஒப்பிட்ட மனிதருக்கு அது தோன்றவேயில்லை. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கிரேம் அந்தச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். நோயாளி வாயில் தவறான பல்லைப் பிடுங்கிவிட்டதுபோல ஒரு நிற்பு.

லினெட் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பீப்பாய் மூடியைக் கழற்றினாள், பால் ஜக்கை உள்ளே விட்டு மொண்டாள், அப்பாவின் குவளையில் ஊற்றினாள். நுரை இல்லை. குளிர்ச்சி இல்லை. குளத்துத் தண்ணீர்போல அசையாமல் நின்றது பீர்.

கிழவர் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு குவளையை இறக்காமலே முழுதும் குடித்து முடித்தார்.

"யாரு காய்ச்சினது இது?"

"நான்தான் மாமா. வாயு இல்லாமப் போச்சு, குளிரும் பத்தல, மன்னிச்சு..."

"அட, சும்மா இருய்யா." "எங்க ஊர்ல சுரங்கத்துக்கு எதுத்தாப்பல ஒரு கடை. எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்த முதல் பீரு இப்படித்தான் இருந்துச்சு. நுரையுமில்ல, மண்ணுமில்ல. இந்த ஊருக்கு வந்து இன்னிக்குத்தான் பீரு குடிக்கிறேன்." குவளையை நீட்டினார். "நல்லா இருக்கு. இன்னொண்ணு ஊத்துங்க, மாப்ளே."

கிரேம் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. அப்புறம் அடுப்புப் பக்கம் போய், வெந்துவிட்ட சாசேஜையே வெகுநேரம் திருப்பித் திருப்பிப் போட்டார். புகை கண்ணில் பட்டதாம். மற்ற விருந்தாளிகள் மரியாதையாக ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை லினெட்டின் ரோஜாச் செடிகளுக்கு வார்த்தார்கள். செடிகள் ஆட்சேபிக்கவில்லை.

இத்தோடு திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரம் கண்கள் மின்ன வேலி ஓரம் வந்தார். "மாமாவுக்கு மறுபடியும் அதே பீர் வேணுமாம். கையால இழுத்து ஊத்தற பம்ப்பு இங்கிலாந்துல கிடைக்குது. பித்தளையா, எஃகாங்கறதுதான் யோசனை."

"அதான் ஜக்கு இருக்கே!" என்று உள்ளேயிருந்து லினெட்டின் குரல் வந்தது.

கிரேம் சற்று யோசித்தார். "ஜக்குலயும் பல வகை இருக்கு, லினெட்."

சிரித்தாகிவிட்டதா? நல்லது. உங்களுக்கு பீர் பழக்கமே கிடையாது, நீங்கள் இந்த ரகமே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் நடக்கப் போவதற்கு முன்னால் சரியான காலணி அமையட்டும் என்று காத்திருக்கிறீர்களே, அது? தோசை வார்க்க வார்ப்பிரும்பா, நான்ஸ்டிக்கா என்று முந்நூறு பேர் எழுதிய விமர்சனத்தைப் படித்துக்கொண்டே ஓட்டலில் தோசை தின்கிறீர்களே, அது? கைப்பேசியில் இதற்குப் பின்னால் இன்னொரு பக்கம் திறந்து கிடக்கிறதே, அதை மூடச் சொல்லவில்லை. நிதானமாகவே பாருங்கள். எது நல்லது என்று முடிவானதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கும் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.