மாப்பிள்ளை கேட்ட ஏசியும் மாடியேறிய ஆறு பலகையும்

பாலவனத்தம்,
சித்திரை 19, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை மாதவன் அவர்களுக்கு,

மாமா சீனிச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை ராமலட்சுமியும் மொட்டைமாடியில் நிற்கும் ஆறு சோலார் பலகைகளும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீங்களும், சம்பந்தியம்மாவும், என் மகள் சுபத்ராவும், அவள் வயிற்றில் எட்டு மாதமாகக் குடியிருப்பவரும் சௌக்கியமாக இருக்கத் திருச்சுழி திருமேனிநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் நான் சோலார் என்று ஆரம்பித்ததும் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடுதாசி.

வளைகாப்பு முடிந்து, மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேன் பிடித்து வந்தோமே, அன்று நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை. "உங்க ஊரு வெயிலுக்கு ஏசி இல்லாம முடியாது மாமா. ஏசி மாட்டுனாலும் கரண்டு நிலையா நிக்காது. ரெண்டுக்கும் வழி பண்ணுங்க, அனுப்புறேன்." வெறும் வேனோடு திரும்பினோம். மதுரை தாண்டும் வரை உங்கள் அத்தை வாய் திறக்கவில்லை. தாண்டியதும், "நாப்பது வருசம் வத்தல் கமிஷன் கடை நடத்துன மனுசன், ஒத்த ஏசிக்குப் பதில் சொல்லத் தெரியாம வாரீகளே" என்றாள். அதற்கப்புறம் வீடு வரை வாய் மூடவில்லை.

மறுநாளே ஏசி வாங்கினேன். சோலார் மாட்டும் விஜயபாண்டி என்ற தம்பியைப் பிடித்து, ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, மேலே ஆறு பலகையையும் ஏற்றியாயிற்று. போகும்போது சும்மா போகாமல் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்துவிட்டான், அதுதான் வினை. இந்த நிமிடம் எவ்வளவு கரண்டு வருகிறது என்று அது சொல்லும், சொன்னது சரிதானா என்று நான் மாடி ஏறிப் பார்ப்பேன், என்னத்தைப் பார்ப்பேன், பலகை இருக்கும், வெயில் இருக்கும், இறங்கிவிடுவேன், இறங்கியதும் மறுபடி போன், பாதிச் சோற்றில் எழுந்து மறுபடி மாடி. முழங்கால் இரண்டும் போச்சு.

முதல் வாரம் தினமும் பதின்மூன்று யூனிட். தெருவே ஏறிவந்து வாயைப் பிளந்து பார்த்தது. இத்தனை பேர் கண்ணும் பட்டால் என்னாவது? கடையில் புதுத் தராசு வந்தாலே திருஷ்டி கழிக்காமல் எடை போட மாட்டேன், இத்தனை பெரிய காரியத்தைச் சும்மா விடுவேனா? வைக்கோல் திணித்து, என் பழைய சட்டையை மாட்டி, மீசை வரைந்து, நெட்டைக் கம்பில் ஒரு திருஷ்டிப் பொம்மை கட்டினேன். அடுத்த நாள் எட்டு யூனிட். பார்த்தீர்களா, கண் பட்டேவிட்டது என்று இன்னும் பெரிதாக இன்னொரு பொம்மை கட்டினேன். ஆறு யூனிட்! விஜயபாண்டி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயா, யார் கண்ணும் படல. ஒங்க பொம்மைக நெழலுதான் படுது. ஒரு பலகை மேல நெழலு விழுந்தாலும் மத்ததும் சேந்து படுத்துக்கிரும்." பொம்மைகளை இறக்கினேன். "சட்டை, மீசை மட்டுமில்ல, செஞ்ச வேலையும் ஒங்க வேலை மாதிரியே இருக்கு" என்றாள் உங்கள் அத்தை.

அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தல்குடிப் பக்கமிருந்து ஒரு கருமேகம் வந்து சூரியனை மறைத்தது. போனில் கரண்டு சரசரவென்று இறங்குகிறது. நான் மாடியில் நின்று துண்டை வீசி, "போ அங்கிட்டு! வேற ஊரே கெடைக்கலையா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். அதுவும் போய்விட்டது மாப்பிள்ளை. அடுத்த வீட்டுப் பால்பாண்டி, கோடை உழவுக்கு மூன்று வாரமாக மழையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவன், கீழேயிருந்து, "ஏலே சீனி, மானம் பாத்த ஊர்ல பொறந்துட்டு மேகத்தையால வெரட்டுற? நீயெல்லாம் மனுசனால?" என்றான். அந்த மழை சாயங்காலம் குமாரலிங்கபுரத்தில் கொட்டியதாம். இப்போது தெருவில் எவனும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நேற்று வெள்ளோட்டம். சுபத்ரா வந்துவிட்டது போலவே நினைத்துக்கொண்டு, ஏசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் கரண்டு போனது. ஏசியும் நின்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேலே ஆறு பலகை, கீழே இருட்டு! போன் போட்டால் விஜயபாண்டி நிதானமாகச் சொல்கிறான்: "லைன்ல கரண்டு இருந்தாத்தான் இது ஓடும் ஐயா. கம்பத்துல ஏறுற லைன்மேனை நம்ம கரண்டு அடிச்சுறக்கூடாதுல்ல? கரண்டு போனாலும் ஓடணும்னா பேட்டரி வைக்கணும்." இதை முதலிலேயே சொல்வதற்கு என்னடா என்றால், நீங்கள் கேட்கவில்லை என்கிறான்.

புதன்கிழமை பேட்டரி வருகிறது. வியாழன் நல்ல நாள். அன்றைக்கு மகளை அனுப்பிவையுங்கள் மாப்பிள்ளை. இன்னொரு நிபந்தனை போட்டுவிடாதீர்கள், தாங்கமாட்டேன். ஒரே பிள்ளை. அவள் வருவாள் என்று உங்கள் அத்தை போட்டுவைத்த மெத்தையில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த மீட்டிங்கும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
மாடிக்கும் கீழுக்குமாக அலையும் மாமா,
சீனிச்சாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. உங்கள் அம்மா ஜெகதீஸ்வரி அவர்களே சுபத்ராவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். "அவனைக் கேட்டுட்டிருந்தா குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் யோசிப்பான்" என்றார்கள். உள்ளே வந்த கையோடு கரண்டு போனது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சுபத்ரா மெதுவாக மாடி ஏறி, பலகைகளுக்கு அடியில் நிழலில் கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்தாள். "அங்க ஏசியிலயே கெடந்து மூக்கடைச்சுப் போச்சுப்பா. இங்க எம்புட்டுக் காத்து!" என்றாள், தூங்கிவிட்டாள். பக்கத்தில் உங்கள் அம்மாவும் குறட்டை. பேட்டரி வேண்டாம் என்று விஜயபாண்டியிடம் சொல்லிவிட்டேன். தெருவே பழையபடி ஏறிவந்து என் மகளைப் பார்த்துவிட்டுப் போகிறது, பால்பாண்டி உட்பட. அதனால் இரண்டு பொம்மையையும் தூக்கிக் கட்டிவிட்டேன். இனி ஆறு யூனிட்தான் வருமாம். வரட்டும்.