ஐம்பத்திரண்டு வயது அண்ணன்

வயதானவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பாவம், ஒப்புக்கொண்டுவிட்டவர்கள். வயது என்பது அக்கம்பக்கத்தில் மட்டும் ஏறுகிற ஒன்று, தன் வீட்டு வாசலில் அது செருப்பைக்கூடக் கழற்றியதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் தென்படும். மீசையில் மை இருக்கும். "பெரியவரே" என்று ஒரு குரல் கேட்டால், தனக்குப் பின்னால் யாரோ கிழவர் நிற்கிறார் போலும் என்று திரும்பிப் பார்க்கும். பின்னால் சுவர்தான் இருக்கும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இந்த இனத்துக்கு முதல் மரியாதை வாங்கத் தகுதியானவர் கலியாணசுந்தரம். பட்டு நெசவு. வயது ஐம்பத்திரண்டு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. 'அவர்' என்று மரியாதை போட்டால் வயது கூடிப்போவதாகக் கோபித்துக்கொள்வார். அதற்காகவே 'அவர்' போடுகிறேன். அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா? "இன்னா பெருசு, சாப்ட்டியா?" எனக்கும் அவருக்கும் பதினொரு நாள் வித்தியாசம், அதிலும் அவர்தான் மூத்தவர்.

அவரை அண்ணா என்று கூப்பிடலாம். சார் என்றால் பொறுத்துக்கொள்வார். 'அங்கிள்' என்று கூப்பிட்ட செல்போன் கடைப் பெண்ணிடம் ரீசார்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டார். போன தை மாதம் தென்னேரியில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு, வாலாஜாபாத்தில் பஸ் ஏறியிருக்கிறார். கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றிருக்கிறாள். நல்ல பெண். நம்மவர் உட்காருவாரா? மேலே கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வேறு எங்கோ பார்த்தபடி நின்றுவிட்டார். பெரியவருக்காக விட்ட இடத்தில் வேறு யார் உட்காருவது? அவளும் உட்காரவில்லை, இவரும் உட்காரவில்லை. அந்த இருக்கை காஞ்சிபுரம் வரைக்கும் காலியாகவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, "கண்ணு சரியில்லாத பொண்ணு. பாவம், சின்ன வயசு" என்று அவளுக்காக இரக்கப்பட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு தலைக்குச் சாயம். கதவைச் சாத்திக்கொண்டு ஒருமணி நேரம். வெளியே வரும்போது தலை, மீசை, காதோரம், கொஞ்சம் நெற்றி எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். பத்தாம் நாள் வேரடியில் வெள்ளி ஜரிகைக் கரை இறங்கத் தொடங்கிவிடும். தெருவே அதைப் பார்த்து அடுத்த ஞாயிறு எப்போது என்று சொல்லிவிடும். அவருக்கு மட்டும் அது யாருக்கும் தெரியாத ரகசியம். தறிக் குழியிலிருந்து எழுந்திருக்கும்போது "முருகா!" என்று உரக்கச் சொல்வார். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். முட்டி. ஒரு டாக்டர் "இந்த வயசுல உப்பைக் கொறைச்சுக்கணும்" என்றார். உப்பைக் குறைக்கவில்லை, டாக்டரை மாற்றிவிட்டார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆடிக் கிருத்திகை வரும் வரை.

எங்கள் தெரு முருகன் கோயிலில் கிருத்திகையன்று காலையில் மயில் வாகனத்தில் சாமி புறப்பாடு. தெரு ஆட்கள்தான் தோளில் தூக்குவார்கள். இரண்டு நீளத் தண்டுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர். வலது தண்டில், முன்பக்கம் மூன்றாவது ஆள் கலியாணசுந்தரம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பிடித்த இடம். இருபத்தெட்டு வருஷமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. மகள் மஹாலட்சுமி பிறந்த அன்றுகூட சாமியை இறக்கிவைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மனைவி சங்கரி அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த வருஷம் பொறுப்பெல்லாம் விக்னேஷ் கையில். இருபத்தாறு வயசு, சுறுசுறுப்பு, எதையும் வாட்ஸ்அப்பில் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ஒரு வாரம் முன்னால் தெரு குரூப்பில் பட்டியல் போட்டான். சாமி தூக்குபவர்கள் என்று இருபத்துநான்கு பேர். கடைசியில், 'குடை: கலியாணசுந்தரம் மாமா', அதற்குப் பக்கத்தில், நல்லெண்ணத்தோடு, 'பெரியவர்'. கூடவே ஒரு கும்பிடும் கை.

நான் செய்தியைப் பார்த்துவிட்டுச் சட்டை மாட்டுவதற்குள் அவர் கோயிலில் இருந்தார். வேடிக்கை பார்க்கத்தான் நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாடா விக்னேஷு, குடைன்னு போட்டுக்கீற?"

"மாமா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான். போன வருஷம் முனை திரும்பசொல்ல மூச்சு வாங்கிக்கினு இருந்தீங்க."

"அது சாம்பிராணிப் பொகைடா."

"குடை புடிக்கிறதும் சாமி காரியந்தானே மாமா?"

"அப்டின்னா நீ புடி. இந்தத் தோளு இருபத்தெட்டு வருஷமா சாமியத் தூக்கிக்கினு இருக்குது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தூக்குன தோளுடா இது. இன்னிக்கு வந்து..."

துண்டை எடுத்து உதறினார், தோளில் போட்டார், மறுபடியும் எடுத்து உதறினார். நான் கொடிமரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் இருக்கையை விட்டால் போகிறது, ஒரு மனிதனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. தண்டுக்கடியில் இருக்கிற இடம் போனால் அவருக்கு இந்தத் தெருவில் வேறு என்ன இடம் இருக்கிறது?

விக்னேஷ் கெட்டிக்காரன். ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சரி மாமா, உங்க எடத்துலியே நில்லுங்க" என்றான். குடை என் கைக்கு வந்தது. எனக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை. குடை பிடிக்கத் தனித் திறமை வேண்டும் என்பதால்தான் வாங்கிக்கொண்டேன்.

சாமி தூக்குவதில் ஒரு முறை உண்டு. தோள் உயரம் பார்த்துத்தான் ஆள் நிறுத்த வேண்டும். ஒரே உயரமாக இருந்தால் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக உட்காரும். நெட்டைகளுக்கு நடுவில் ஒரு குட்டையை நிறுத்தினால் பாரம் முழுக்க நெட்டைகளுக்கு. குட்டைக்கு மேலே தண்டு சும்மா போகும். கலியாணசுந்தரம் ஒரு காலத்தில் நல்ல உயரம். முப்பத்தைந்து வருஷம் தறியில் குனிந்த முதுகு அதில் இரண்டு மூன்று அங்குலத்தைத் தின்றுவிட்டது. இந்தக் காலத்துப் பையன்களோ சத்துணவு முட்டை சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கிருத்திகையன்று காலையில் விக்னேஷ் என்ன செய்தான்? ஆறடி தேவேந்திரனைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நிறுத்தினான். தேவேந்திரனைவிட ஒரு விரற்கடை அதிகமான அவன் தம்பியைப் பின்னால் நிறுத்தினான். ஏன் என்று அவர்களிடம் மட்டும் காதில் சொன்னான். தலைவிதியே என்று அவர்களும் நின்றார்கள்.

"வேல் வேல்!" என்று சாமியைத் தூக்கினார்கள். மேளம் கிளம்பியது. குடையோடு பக்கத்தில் நடந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. தண்டுக்கும் அவர் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக எதிர்ச் சாரி வீட்டின் கோலம் தெரிந்தது. அவர் கையை மட்டும் மேலே தூக்கித் தண்டை அணைத்தபடி, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணில் நீர் தளும்ப நடந்துகொண்டிருந்தார்.

"பெருசு! சாமி இந்த வருஷம் பஞ்சாட்டம் கீறாருடா!" என்றார் என்னிடம்.

"பக்திதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

முனை திரும்பும்போது தேவேந்திரனுக்கு வேர்த்து ஊற்றியது. தம்பிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நம்மவர் விடுவாரா? "இன்னாங்கடா, இதுக்கே மூச்சு வாங்குறீங்க? நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." என்று தொடங்கி, 'அந்தக் காலம்' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டதை உணர்ந்து, "போன வருஷம்" என்று திருத்திக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலில் சாமி நின்றது. சங்கரி கற்பூரத் தட்டோடு வந்தாள். சாமியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தியா?" என்றார் அவர், பெருமையாக.

"பாத்தேங்க."

"இன்னும் பத்து வருசம் தூக்குவேன்."

"தூக்குவீங்க."

சாமியைக் கோயிலில் இறக்கிய பிறகு எல்லோருக்கும் நீர்மோர் கொடுத்துக்கொண்டு வந்தவள், விக்னேஷிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, அடுத்த வருசமும் அவர அங்கியே நிக்க வைப்பா."

"வெக்கறேன் அத்தை. தேவேந்திரன்தான் தோளு போச்சுன்னு அழுவுறான்."

சாயங்காலம் நான் போனபோது, கலியாணசுந்தரம் சட்டையைக் கழற்றிவிட்டு மனை மேல் உட்கார்ந்திருந்தார். சங்கரி அவர் வலது தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பாரு, செவந்து போச்சா?" என்றார். அந்தத் தோளில் ஒரு கொசு கடித்த தடம்கூட இல்லை. "ரொம்பச் செவந்துதான் போச்சுங்க" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். முனகிக்கொண்டே அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா பெருசு. குடை ரொம்பக் கனமா?"

நீங்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், எனக்குச் சந்தோஷந்தான். போகும் முன் ஒன்று கேட்கிறேன். கொஞ்ச நாளாக வீட்டில் நீங்கள் சொல்வதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லையா? அலுவலகத்தில் எல்லா வேலையும் உங்களால்தான் ஓடுகிறது, ஆனாலும் முன்னைப்போல் அலுப்பே இல்லையா? மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூன்று பேராகத் தூக்கியபோது உங்கள் பக்கம் மட்டும் லேசாக இருந்ததா? உடம்பு தேறிவிட்டது, வயசு திரும்பிவிட்டது என்று தோன்றுகிறதா? இருக்கலாம், நான் மறுக்கவில்லை. உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்கள் எவ்வளவு உயரம் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.