தட்டிக்கொண்டே இருங்கள்

கிரேக்க மொழி இன்று உலகில் இரண்டே இடங்களில்தான் செழித்து வளர்கிறது. ஒன்று கிரேக்க நாடு. மற்றொன்று தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் எங்கள் சபையின் மாடி ஹால். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால், எங்கள் ஹாலில் ஏசி இருக்கிறது என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

'மூலமொழி வேத ஆராய்ச்சி வட்ட'த்தின் செயலாளர் என்ற முறையில், சென்ற மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் அடைந்த வெளிச்சத்தை உலகுக்கு அறிவிப்பது என் கடமை. எங்கள் ஆசான் ஸ்டெர்லின். நெருளில் ஃபிளாட், ஐடி கம்பெனியில் வேலை, போனில் கிரேக்க அகராதி. தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். கிரேக்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஒருமையா பன்மையான்னு பாக்காம எந்த வசனத்தையும் டச் பண்ணாதீங்க" என்பது அவர் எங்களுக்கு அருளிய முதல் பாடம்.

அன்றைய வசனம், தட்டுங்கள், உங்களுக்குத் திறக்கப்படும் என்பது. வெளியே மழை வெளுத்து வாங்கியது. குளிர் வீணாகாதபடி கதவைத் தாழிட்டு, ஒரு தட்டு நிறைய வடாபாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'தட்டு' என்ற சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு என்று நான் சுட்டிக்காட்டியதை ஆசான் வெகுவாகப் பாராட்டினார்.

"மூலத்துல 'க்ரூவெதெ'ன்னு இருக்கு" என்றார் ஸ்டெர்லின்.

மூப்பர் இன்னாசிமுத்து நெகிழ்ந்துபோனார். தாதர் மார்க்கெட்டில் காய்கறி விற்று, இந்தியிலேயே ஊறியவர். "க்யூன் ரோதே? ஏன் அழுதியன்னு கேக்காரா ஆண்டவர்? என்ன பாசம் பாத்தியளா."

"இந்தி இல்ல அங்கிள், கிரேக்கம். டென்ஸைப் பாருங்க. ஒரு தடவை தட்டுறது இல்ல. தட்டிக்கிட்டே இருக்கறது. டென்ஸ் புரிஞ்சிட்டா வாழ்க்கையில டென்ஷனே இல்ல."

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அண்ணாச்சி, நான் பூமாரி." கீழே சந்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள். எங்கள் சபை இல்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். "ஜெனிஃபர் ரூமுக்குள்ள சாக்கடத் தண்ணி ஏறிட்டு. கட்டில் காலு முங்கிட்டு. பச்சப்புள்ளைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்துருக்கா. செத்தக் கதவத் தொறங்க, மேல கூட்டியாந்துருதேன்."

ஜெனிஃபர் எங்கள் சபைப் பெண். போன வாரம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். மூப்பர் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"அங்கிள், அவசரப்படாதீங்க" என்றார் ஸ்டெர்லின். "'திறக்கப்படும்'. செயப்பாட்டு வினை. யாரு திறப்பான்னு வசனம் சொல்லலை. நாமதான்னு எப்படி எடுத்துக்க முடியும்? அது தேவனோட வேலை."

தேவனுடைய வேலையில் குறுக்கிடும் துணிச்சல் மூப்பருக்கு இல்லை. கையை எடுத்துவிட்டார். நிர்வாகச் சிக்கலை நானும் எடுத்துரைத்தேன். எங்களுடையது ஆராய்ச்சி வட்டம். 'திறத்தல்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லத்தான் எங்களுக்கு அதிகாரம். திறக்கும் அதிகாரம் கட்டடக் கமிட்டிக்கே உரியது.

"கூட்டம் நடக்குதும்மா" என்று குரல் கொடுத்தேன்.

"நீங்க நடத்துங்க. நாங்க ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்."

தட்டல் தொடர்ந்தது. "கரெக்டா பண்றாங்க பாருங்க" என்று ஆசான் பூரித்தார். சந்திலிருந்து குழந்தை வீறிடுவது கேட்டது. மூப்பர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "க்யூன் ரோதே" என்று முணுமுணுத்தார்.

அடுத்து, பின்புலம். பின்புலம் இல்லாமல் வசனம் இல்லை. இதற்கு முன்னால் இயேசு ஒரு கதை சொல்கிறார். பாதிராத்திரியில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்கிறான். தனக்காக அல்ல, தன்னிடம் வந்து நிற்கும் இன்னொருவனுக்காக. கதவு பூட்டியாயிற்று, தொந்தரவு செய்யாதே என்கிறான் உள்ளே படுத்திருப்பவன். அந்த அப்பம் பாவ் அளவா, டபுள்ரொட்டி அளவா என்று கையில் இருந்த பாவை வைத்தே ஆராய்ந்தோம்.

"கடைசியில எழுந்து கொடுக்கறான். ஏன்? வருந்திக் கேட்டதாலன்னு தமிழ்ல இருக்கு. மூலத்துல 'அனைதெயா'. அதாவது வெட்கம் இல்லாத்தனம்" என்றார் ஸ்டெர்லின். "ஆனா யாரோட வெட்கம் இல்லாத்தனம்? வெளிய நின்னு தட்டுனவனோடதா, உள்ள படுத்திருந்தவனோடதா? பெரிய ஸ்காலர்ஸே இன்னும் அடிச்சிக்கறாங்க."

நாங்களும் அடித்துக்கொண்டோம். வெளியே நின்றவன் கட்சிக்கு நான் தலைமை தாங்கினேன். நேரங்கெட்ட நேரத்தில் வந்து தட்டுகிறவனுக்குத்தானே வெட்கம் இருக்க வேண்டும்? வாதம் சூடேறியதில், தட்டல் எப்போது நின்றது என்பதை யாருமே கவனிக்கவில்லை.

அப்போது கரண்ட் போனது. ஏசி நின்றது. புழுக்கம் தாங்கவில்லை. கதவைத் திறப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கட்டடக் கமிட்டியின் நினைவு ஒருவருக்கும் வரவில்லை.

மாடிப்படி முழுக்க ஈரக் காலடிகள். கீழே, எதிர்வீட்டு இரும்பு ஏணியில் ஜெனிஃபர் ஏறிக்கொண்டிருந்தாள். முட்டளவு தண்ணீரில் நின்று பூமாரி ஏணியைப் பிடித்திருந்தாள். மேலே அந்த வீட்டு ஹாஃபிஸா குழந்தையை ஏற்கெனவே வாங்கி, தன் துப்பட்டாவில் சுற்றிவிட்டிருந்தாள். அவர்கள் வீட்டில் கிரேக்க ஞானம் அறவே கிடையாது. ஆகையால் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துகிடந்தது.

"சிஸ்டர்" என்று மாடியிலிருந்து ஸ்டெர்லின் அன்போடு திருத்தினார். "நீங்க தட்டுறதை நிறுத்தியிருக்கக் கூடாது."

பூமாரி நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டெர்லினை, மூப்பரை, கையில் பாதி பாவோடு நின்ற என்னை.

"வெக்கங்கெட்ட மூதிகளா" என்றாள்.

எங்கள் வகுப்புக்கு ஒரு நாளும் வராதவள். ஆனாலும் பெரிய ஸ்காலர்களால் முடியாததை முடித்துவைத்தாள். ஆசான் சொல்லிக்கொடுத்தபடி நான் இலக்கணம் பார்த்தேன். வெளியே நின்று தட்டியவள் ஒருத்தி. அவள் சொன்னதோ பன்மை.