செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மிகக் குறைவாகப் பேசி மிக அதிகமாகச் சத்தம் போட்ட மனிதர் எங்கள் பி.டி. மாஸ்டர்தான். ஊருக்கே அவர் விசில் சார்.

சாப்பிடும் நேரம் தவிர விசில் வாயைவிட்டு இறங்காது. ஒரு முறை ஊதினால் வா, இரண்டு முறை ஊதினால் உட்கார். மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது கடற்கரையில் இரண்டு ஊதினார். எங்கள் பிள்ளைகளோடு, பஸ் நிறைய வந்திருந்த வடநாட்டுக்காரர்களும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். திருப்போரூரில் ஷேர் ஆட்டோவை நிறுத்தவும் அதே விசில்தான்.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட் விளையாட்டு என்று டைம்டேபிளில் இருக்கும். அதை நான் எடுத்துக்கொள்வேன். கேட்பதெல்லாம் கிடையாது. சிலபஸ் முடிய வேண்டாமா? அவர் காலி மைதானத்தில் நின்று ஊதிக்கொண்டிருப்பார். நான் அதைக் காதில் வாங்காமல் பின்னம் நடத்துவேன்.

ஒரு வருஷம் அரசியல் சட்டம் தரும் உரிமைகளைப் பற்றிக் கட்டுரைப் போட்டியும் ஓவியப் போட்டியும் வைத்தார்கள். முதல் பரிசுப் படம் செங்கல்பட்டுக்கு, மாவட்டப் போட்டிக்குப் போகும். டிராயிங் மாஸ்டர் இடம் காலி. ஆளில்லாத வேலையெல்லாம் யார் தலையில் விழும்? விசில் சார் நடுவரானார்.

ஹாலில் படங்களைப் பரப்பினோம். எங்கு பார்த்தாலும் தராசு, புத்தகம், தேசியக்கொடி. ஏழாம் வகுப்பு கௌசல்யா மட்டும் காலி மைதானத்தை வரைந்திருந்தாள். ஓரத்தில் விசிலோடு ஒருவர். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வரிசையாகக் குட்டி முகங்கள். போர்டு அருகே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், என் பச்சைப் புடவையில். கீழே, 'எங்களுக்கும் விளையாட உரிமை உண்டு' என்று எழுதியிருந்தாள். அவள் கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரைக் கிண்டல் பண்ற படத்தை எப்படி சார் அனுப்புறது? நல்ல தராசா ஒண்ணு பாத்து எடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

விசில் சார் விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எட்டு வருசமா ஊதிகினு கீறேன் சார். யார் காதுலயும் வுழல. இந்தப் பொண்ணு ஒரே பேப்பர்ல சொல்லிட்டா. இதான் ஃபர்ஸ்ட்டு. இத்த அனுப்பலன்னா வேற நடுவரப் பாத்துக்கங்க."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் ஒரு கோடுகூடப் பொய் இல்லை.

"அனுப்புங்க சார். புடவைக் கலர்கூடச் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

மாவட்டத்தில் அதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அதன்பிறகு அந்த பீரியடில் நான் வகுப்புப் பக்கமே போகவில்லை.

ஆண்டுத் தேர்வு நெருங்கியபோது விசில் சார் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"மேடம், பரிச்ச வருது. நாளைக்கு நாலாவது பீரியட் வேணும்னா நீங்க எடுத்துக்கங்க. புள்ளைங்களக் கேட்டுட்டேன், சரின்னுச்சுங்க."

எட்டு வருஷத்தில் நான் அவரையே ஒரு தடவை கேட்டதில்லை. அவர் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார். வேண்டாம் சார், விளையாடட்டும் என்றேன். அந்த மனுஷனை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.