காலிஃபிளவர் கரடி

ஒரு காட்டில், ஓர் ஊற்றை ஒட்டி ஐந்து சென்ட் நிலம் இருந்தது. கோடையிலும் ஈரம் காயாத இடம் அது ஒன்றுதான். பவுனம்மா என்ற முள்ளம்பன்றி அதில் வெண்டையும் கீரையும் போட்டு மூன்று குட்டிகளை வளர்த்து வந்தது. தேனப்பன் என்ற கரடிக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண். பிறந்ததிலிருந்து ஒரு கொத்தமல்லி விதைகூட ஊன்றாத ஜென்மம் அது! கைப்பேசியில் நாற்பது தோட்ட வீடியோ பார்த்திருந்தது, தகுதி அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் நிலம் கேட்டு மனுப் போட்டுவிட்டது.

தோட்ட ஆய்வாளரான நரி வந்தது. "இப்போதைக்கு ஆளுக்குப் பாதி. மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்பேன். நல்ல விவசாயி யாரோ அவருக்கே முழு நிலமும். மற்றவர் பாறைப் பக்கம் போய்விட வேண்டும்" என்றது.

பாறைப் பக்கம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பவுனம்மா மறுநாளே குனிந்து வெண்டை விதையை ஊன்ற ஆரம்பித்தது.

நம்ம தேனப்பன் துரையோ காலிஃபிளவரும் கேரட்டும் போட்டது. அதுவும் மாசி மாதக் கடைசியில்!

பவுனம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, அதெல்லாம் குளிருக்கு வர்றது. இந்த வெயில்ல இலைதான் வரும், பூ வராது. முதல் தடவைதானே, வெண்டை போடுங்க. விதை நான் தரேன்."

"வெண்டையா? கண்டவனும் வளர்க்கிறதை நான் வளர்க்கணுமா? எனக்குச் சவால் வேணும்மா!"

கேரட்டைத் தட்டில் முளைக்க வைத்து, கத்தரி நாற்று மாதிரி பிடுங்கிப் பிடுங்கி நட்டது கரடி. "அண்ணே, கேரட்டை நேரா மண்ணுலதான் தூவணும். பிடுங்கி நட்டா கிழங்கு கோணிக்கும்" என்றது பவுனம்மா. "நீ வீடியோ பார்த்திருக்கியா?" என்று கேட்டது கரடி. பவுனம்மா தன் வெண்டைக்குத் தண்ணீர் விடப் போனது.

மூன்று மாதம் போனது. காலிஃபிளவர் இடுப்பு உயரம் இலை விட்டது. பூ மட்டும் வரவில்லை. பிறகு புழு வந்து அந்த இலையையும் தின்றுவிட்டுப் போனது. கேரட்டைத் தோண்டினால் சுண்டுவிரல் நீளத்தில் மூன்று கால் முளைத்துக் கிடந்தது. பவுனம்மா பக்கம் வெண்டை பறிக்கப் பறிக்கக் காய்த்தது.

நரி வந்தது. முதலில் வெண்டையில் நாலு பறித்து வாயில் போட்டுக்கொண்டது. இன்னும் இரண்டு கைப்பிடி பைக்குள் போனது.

"எப்படிம்மா வளர்த்தே?"

"விதை ஊன்றினேன், தண்ணி விட்டேன். வந்துச்சுங்க."

"அவ்வளவுதானா? இதில் நீ என்னம்மா செய்தாய்? செடி தானே காய்த்திருக்கிறது!"

அடுத்து கரடி ஒரு தடித்த ஃபைலை நீட்டியது. வாடிய செடியின் படம் அறுபது, புழுவின் படம் இருபது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'காலிஃபிளவர் ஏன் வரவில்லை: பதினெட்டுக் காரணங்கள்'. எல்லாம் மண்ணின் குற்றம், வெயிலின் குற்றம், பக்கத்துத் தோட்டத்தின் குற்றம். கரடியின் குற்றம் ஒன்றுகூட இல்லை.

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன உழைப்பு! என்ன போராட்டம்!" என்று சொல்லி அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டது. அன்று மதியமே, அனல் பறக்கும் வெயிலில், பவுனம்மா மூன்று குட்டிகளோடு பாறைப் பக்கம் போனது. அநியாயம்தான். யார் கேட்டார்கள்?

அடுத்த வாரம் அதே நிலத்தில் தேனப்பன் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. பாறைப் பக்கத்தார் கட்டாயம் வர வேண்டுமாம். வந்தால்தான் ஒரு குடம் தண்ணீர்.

"உங்களில் யாருக்காவது வெண்டை வளர்க்கத் தெரியுமா?" என்று கேட்டது கரடி.

குடத்தை மடியில் வைத்தபடி பவுனம்மா கை தூக்கியது.

"அதை முதலில் மறந்துவிடுங்கள்" என்றது கரடி.

நீதி: சுலபமாகக் காய்க்கும் செடியை நட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், காய்க்காததற்குக் காரணம் எழுதத் தெரிந்தவரே நல்ல விவசாயி.