நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை

எனக்குக் கெடுதல் செய்தவர்களுக்குக்கூட நான் பதிலுக்கு ஒன்றும் செய்ததில்லை. ஒரு நல்ல மனிதரின் கடைசிக் குளியலைத்தான் கெடுத்தேன்.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் புனேயில், சிஞ்ச்வட்டில் குடியிருந்தோம். இருபத்து நான்கு வீடுகள் கொண்ட சொசைட்டியில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். பின்பக்கம் பம்ப் அறையை ஒட்டி நான் வைத்து வளர்த்த கறிவேப்பிலை மரம் இருந்தது. மழை முடியும்வரை தளதளவென்று நிற்கும். குளிர் வந்தால் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாகிவிடும். காய்க்காரன் கொத்தமல்லியோடு கொசுறாக நாலு இலை தருவான். கோயமுத்தூர்க்காரிக்கு அது ஒரு தாளிப்புக்குக் காணுமா? (காணாது.) அதனால் அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் மரத்தை உருவி, குளிர்காலம் முழுமைக்கும் உலர்த்தி வைத்துக்கொள்வதென்று கிளம்பினேன்.

வெயிலில் போட்டால் இலை கறுத்து மணம் போய்விடும். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும். மொட்டை மாடியில் நிழல் இருந்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல்பக்கம். அதற்கு மட்டும் தகரக் கூரை போட்டிருந்தார்கள். தொட்டியின் மூடி பாதி உடைந்து ஓட்டையாகக் கிடந்தது. என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை அந்த ஓட்டையையும் சேர்த்து மூடுகிற மாதிரி விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, இலைகளைப் பரப்பினேன். தொட்டிக்கும் ஒரு மூடி ஆயிற்று என்று பெருமை வேறு.

மூன்றாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் வேட்டி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. இலையில் முக்கால்வாசியைக் காணோம். புறாக்களைத் திட்டிவிட்டு மீதியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். (புறா கறிவேப்பிலை தின்னுமா என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது அறிவு முற்றவில்லை.)

மறுநாள் விடிந்ததும் எங்கள் சொசைட்டி செகரெட்டரி மாரடைப்பில் இறந்துபோனார். கீழ் வீட்டு ஷோபா மாவ்ஷியின் கணவர். மராத்தியில் சித்தியை மாவ்ஷி என்பார்கள். எனக்கு அவர் அப்படித்தான். புனேக்கு வந்த புதிதில் பாஷை புரியாமல் அழுதவளைக் கையைப் பிடித்து மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போன மனுஷி.

வண்டி நிறுத்துமிடத்தில் பலகை போட்டுச் செகரெட்டரியைக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்தார்கள். காலை முதலே குழாயில் தண்ணீர் மெல்லிசாக வந்ததை அந்தத் துக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவருடைய மகன் அழுதுகொண்டே வாளியை நிரப்பி முதல் சொம்பை ஊற்றினார். தண்ணீரோடு கறிவேப்பிலையும் விழுந்தது. மறுபடி வாளியை வைத்தார். குழாய் இருமி, கொஞ்சம் இலையைத் துப்பி, நின்றே போனது. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"என்ன பண்ணி வெச்சிருக்கற புள்ள?" என்றார் வீட்டுக்காரர், உதடு அசையாமல்.

"காத்துதானுங்க" என்றேன்.

"வாளிய எடு. கீழ் தொட்டியில எறைக்கலாம்."

தரைத் தொட்டியிலிருந்து கயிறு கட்டி நாங்கள் இருவரும் இறைத்துக் கொடுத்தோம். வேறு யாரும் கை கொடுக்கவில்லை. அவமானம் கூடப் பெரிதாகத் தெரியவில்லை. மாவ்ஷி இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்பதையே நினைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

குளிப்பாட்டி, புதுத் துணி போர்த்திய பிறகு பெண்களைக் கும்பிடக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது பார்த்தேன், அவருடைய காதோரம் ஓர் இலை ஒட்டியிருந்தது. எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். மாவ்ஷி பக்கத்தில் வந்தார்.

"மன்னிச்சுருங்க மாவ்ஷி" என்று அரைகுறை இந்தியில் சொன்னேன்.

அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ரசம் கொடுத்தனுப்பறப்போ எல்லாம் இதைத்தான் பொறுக்கிப் பொறுக்கி ஓரமா வைப்பார்" என்றார். "அவருக்குப் பிடிக்காது. நீயே எடுத்துடு."

எடுத்தேன். அதற்கப்புறம்தான் அவர் என் தோளில் சாய்ந்து, காலையிலிருந்து வராமலிருந்த அழுகையை அழுதார்.

எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத விசேஷம் கிடையாது. சாப்பிடும்போது யாராவது கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கினால், "செகரெட்டரி வந்துட்டார்" என்பாள் என் மகள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் தட்டில் விழும் இலையை நான் ஒதுக்குவதில்லை. மென்று விழுங்கிவிடுகிறேன்.